டபிள்யூ-ஓடி பாதையில் ஓடினால் மூட்டு போய்விடுமா?

கேள்வி, மார்ச் 8, 2025

வர்ஜீனியாவில் ஆஷ்பர்னுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வாஷிங்டன் அண்ட் ஓல்ட் டொமினியன் டிரெயில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே என்று பனி முழுசாகக் கரைவதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டேன். போகும்போது பறக்கிற மாதிரி இருக்கிறது. திரும்பும்போது நாக்குத் தள்ளுகிறது. வீட்டுக்கு வந்து மாடிப்படி இறங்கினால் வலது முட்டியின் முன்பக்கம் குத்துகிறது. "தார்ப்பாதையில் ஓடினால் மூட்டு காலி, பக்கத்தில் இருக்கிற குதிரைப் பாதையில் ஓடு, இல்லையென்றால் டிரெட்மில் வாங்கு" என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார். இது உண்மையா? இங்கே வழக்கமாக ஓடுகிறவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில், மார்ச் 9, காலை

தாரை அப்புறம் திட்டலாம். எந்த இடத்தில் ஏறுகிறீர்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள்? அதைச் சொல்லாமல் முட்டியைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை.

மார்ச் 9, இரவு

27½-ஆம் மைல் கல் பக்கத்தில் ஏறி லீஸ்பர்க் பக்கமாகப் போகிறேன் என்கிறார். நினைத்தேன்.

ஆஷ்பர்ன் ஒரு மேடு. கிழக்கே பிராட் ரன் ஓடை, மேற்கே கூஸ் கிரீக், நடுவில் நாம். எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதலில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம். கண்ணுக்கு அது தெரியாது, ஏனென்றால் இது ரயில் போன தடம். 1850-களில் அலெக்சாண்ட்ரியாவில் வேலையை ஆரம்பித்து 1860-ல் லீஸ்பர்க் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். நீராவி எஞ்சின் சுமை இழுக்க வேண்டுமென்றால் நூறடிக்கு ஓரடி, மிஞ்சிப்போனால் இரண்டடிதான் உயரலாம். அதனால் மேடு வந்த இடத்தில் வெட்டி, பள்ளம் வந்த இடத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, ஒரே மூச்சில் ஏற வேண்டியதை மைல் கணக்கில் நீட்டிவிட்டார்கள். ஊர் ரோட்டில் ஏற்றம் வந்தால் எதிரே நிற்கும், நாமும் மரியாதையாக வேகத்தைக் குறைப்போம். இந்தப் பாதை ஏற்றத்தை இ.எம்.ஐ. போட்டு வசூலிக்கிறது. கட்டுகிறோம் என்று தெரியாமலே கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இறக்கத்திலும் இதே கதைதான். இறங்குகிறோம் என்று தெரியாததால் "ஆகா, இன்றைக்கு உடம்பு நல்ல வாகில் இருக்கிறது" என்று அடியை எட்டிப் போடுகிறோம். எட்டிப் போட்ட கால் உடம்புக்கு ரொம்ப முன்னால் போய் விழுகிறது, முட்டிச்சில்லு அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. படி இறங்கும்போது முன்பக்கம் குத்துகிறது என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இந்தச் சங்கதியாகத்தான் இருக்கும். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மார்ச் 11

"அப்படியென்றால் தார் ஒன்றுமே செய்யாதா?" என்று இன்னொருவர் கேட்கிறார். ஆபீஸ் நண்பர் சொல்கிற அளவுக்குச் செய்யாது. ஓடும்போது நம் கால் தரையைப் பார்த்து விறைப்பை மாற்றிக்கொள்கிறது. கெட்டியான தரையில் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும், மெத்தென்ற தரையில் விறைத்துக்கொள்ளும். நாம் கேட்காமலே அது பாட்டுக்குச் செய்கிற வேலை. அதனால் தரை எவ்வளவு கெட்டியோ அவ்வளவு அடியும் நேராக மூட்டுக்குப் போய்ச் சேர்கிறது என்ற கணக்கு நிற்காது. சிமெண்ட் நடைபாதையைவிடத் தார் கொஞ்சம் இளக்கமும்கூட.

2017-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு நிறையப் பேருடைய இடுப்பு மூட்டு, முட்டித் தேய்மானத்தைச் சேர்த்துப் பார்த்தது. உடம்புக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத் தேய்மானம், ஓடாமல் உட்கார்ந்திருக்கிறவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு. போட்டிக்கென்றே வெறியாக ஓடுகிறவர்களுக்கு 13.3. மூட்டு நன்றாக இருக்கிறவர்கள்தானே ஓடவே வருகிறார்கள், அதனால் இந்தக் கணக்கில் கொஞ்சம் சாய்வு இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "ஓடினால் மூட்டு போய்விடும்" என்று பயமுறுத்துகிற ஆபீஸ் நண்பரின் மூட்டு என்ன நிலையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லையே.

மார்ச் 11, கொஞ்சம் கழித்து

தார்ப்பாதையில் ஒரு விஷயத்தைக் கவனிக்கத்தான் வேண்டும். மழைத்தண்ணீர் வடிவதற்காக ஓரத்தை லேசாகச் சரித்திருப்பார்கள். எப்போதும் வலது ஓரத்திலேயே ஓடினால் வலது கால் எப்போதும் ஒரு நூல் பள்ளத்தில் விழும். பாதையில் ஆள் இல்லாத நேரத்தில் நடுவுக்கு வந்து ஓடுங்கள். பின்னால் சைக்கிள் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

மார்ச் 15

குதிரைப் பாதை. கிழக்கே வியன்னா என்கிற ஊரிலிருந்து மேற்கே பர்சல்வில் வரை தாருக்குப் பக்கத்திலேயே ஏறத்தாழ 32 மைலுக்கு ஒரு சரளைப் பாதை போகிறது, குதிரை ஓட்டுகிறவர்களுக்காகப் போட்டது. அது முழுக்க ரயில் தடத்தோடு ஒட்டிப் போவதில்லை. அங்கங்கே விலகிப் போய், பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறிவிட்டு மறுபடி வந்து சேரும். கணுக்காலுக்கு நல்ல பயிற்சி, பிசகினால் கணுக்காலுக்கு நல்ல கட்டும். மழை பெய்த மறுநாள் பாதி சேறு, மீதி குதிரைச் சாணம்.

எனக்கு அது பிடிக்கும், ஓடுவதற்கு அல்ல, நடக்க. சரளையில் நடக்கிற சத்தத்தில் போனில் பேசுகிற ஆசையே வராது.

மார்ச் 23

டிரெட்மில் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. துணி நன்றாகக் காய்கிறது.

ஏப்ரல் 6

வெயில் வந்ததும் பாதையில் கூட்டம் வந்துவிட்டது, அதனால் இதை இன்றே எழுதிவிடுகிறேன்.

தார் அகலம் பத்தடி சொச்சம். அதில் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள், நீளமான கயிற்றில் நாயை விட்டுவிட்டு மறுகோடியில் நிற்கிறவர்கள், டூர் டி பிரான்ஸுக்குத் தயாராகிற சைக்கிள்காரர்கள், இப்போது மின்சார சைக்கிளும். ஃபால்ஸ் சர்ச் ஊரில் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனியாகத் தடம் பிரித்துவிட்டார்கள். நம் பக்கம் அதெல்லாம் கிடையாது, ஒரே பாதைதான்.

சைக்கிள்காரர் பின்னாலிருந்து "ஆன் யுவர் லெஃப்ட்" என்று கத்துவார். உன் இடது பக்கமாகத் தாண்டிப் போகிறேன், நீ அப்படியே போ என்று அர்த்தம். நம் ஆட்கள் நான்கு பேர் வரிசையாகப் பாதையை அடைத்துக்கொண்டு யாருடைய கிரீன் கார்டு தேதி எந்த வருஷத்தில் நிற்கிறது என்று பேசிக்கொண்டு போகிறார்கள். காதில் விழுவது "லெஃப்ட்" மட்டும். ஊரில் பிறந்ததிலிருந்து ரோட்டில் இடது பக்கம் ஒதுங்கிப் பழகிய உடம்பு, ஒரே தாவாக இடது பக்கம் தாவுகிறது. சைக்கிள் வருவதும் சரியாக அதே இடத்துக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை என் கண்ணெதிரே ஒரு பெரியவர் அப்படித் தாவினார். சைக்கிள்காரர் புல்லில் இறங்கி, குதிரைப் பாதையையும் தாண்டிப் போய் ஒரு புதரில் நின்றார். இருவருக்கும் அடி இல்லை. பெரியவர் "சாரி தம்பி, சாரி தம்பி" என்று தமிழில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வெள்ளைக்காரப் பையனும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் ஒன்றே ஒன்று சொல்லிக் கொடுங்கள்: பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் எங்கேயும் நகராதே, போகிற கோட்டிலேயே போ.

ஏப்ரல் 7

"சைக்கிள்காரர்கள் மட்டும் யோக்கியமா?" என்று கோபமாக ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கூட்டமான சாயங்காலத்தில், குழந்தைகள் நடுவே, குனிந்த தலை நிமிராமல் இருபது மைல் வேகத்தில் போகிறவர்களை எனக்கும் பிடிக்காது. சத்தமே கொடுக்காமல் தோளை உரசிக்கொண்டு போகிறவர்களை அதைவிடப் பிடிக்காது. ஆனால் காலையில் ஓட வரும்போது இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வந்துவிட்டு "அவன் மணியே அடிக்கவில்லை" என்று சொல்ல முடியாது. ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.

ஏப்ரல் 27

மாமாவும் அத்தையும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். மாமா ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கிற பி.டபிள்யூ.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரை கோட்டம். தண்டவாளம், சிலிப்பர், ஜல்லி இதெல்லாம்தான் அவருக்கு வாழ்க்கை. முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, நைக்கி ஷூ சகிதம் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இது ரயில் தடம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. நூறு கஜம் நடந்திருப்போம்.

"என்னம்மா, இது ரயில் கரைல்லா?"

எப்படி மாமா கண்டுபிடித்தீர்கள் என்றால், "வளைவைப் பாரேன். ரோடு போடுறவன் இப்படி வளைக்க மாட்டான், சட்டுன்னு திருப்பிருவான். இது எஞ்சினுக்கு வளைச்ச வளைவு. அந்தா, அங்க வெட்டு. இங்க நாம நிக்கிறது மண் கொட்டின கரை. ரெண்டு பக்கமும் வாய்க்கால் எடுத்திருக்கான் பாரு." அப்புறம் கேட்டது, "கேஜ் என்ன?" இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே நான்கடி எட்டரை அங்குலம் என்று போனில் தேடிச் சொன்னேன். "சரி, ஸ்டாண்டர்டு கேஜ்" என்று திருப்தியாகத் தலையாட்டினார். தண்டவாளம் ஒன்று கூடத் தரையில் இல்லையே என்றதுதான் அவருக்குத் தாங்கவில்லை. 1968 ஆகஸ்டில் கடைசி ரயில் போனது, நிலத்தில் பெரும்பகுதியை மின்சாரக் கம்பெனி வாங்கியது, 1974-ல் ஃபால்ஸ் சர்ச்சில் ஒன்றரை மைலுக்கு முதலில் பாதை போட்டார்கள், 1988-ல்தான் பர்சல்வில் வரை போய்ச் சேர்ந்தது என்று நான் வரலாறு சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வேலை பார்த்தவங்களை எல்லாம் வேற லைனுக்கு மாத்தினாங்களா?"

பதில் என்னிடம் இல்லை.

ஏப்ரல் 28

மாமாவுக்கு ஆன்-யுவர்-லெஃப்ட் பாடம் எடுத்தேன். தேவையே இருந்திருக்கவில்லை. ஆயுசு பூராவும் வண்டி வரும்போது லைனை விட்டு ஒதுங்கி நின்றவர், சத்தம் கேட்ட மாத்திரத்தில் வலது பக்கம் புல்லில் இறங்கி நின்றுவிடுகிறார். நின்றதோடு விடுவதில்லை. சைக்கிள் தாண்டும்போது கையை நீட்டி, கேங்மேன்கள் ஓடுகிற ரயிலுக்குக் காட்டுவார்களே, அந்த "ஆல் ரைட்" சிக்னல் காட்டுகிறார். கடைசி சைக்கிள் வரை ஏதாவது தொங்குகிறதா, உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை இறக்குவார். இரண்டாவது வாரமே சைக்கிள்காரர்கள் பதிலுக்குக் கை காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

(வாரத்தை முன்கூட்டியே எழுதிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம், இந்தக் கடைசி வரி மே மாதம் சேர்த்தது.)

மே 11

அவரை ஹெர்ன்டனுக்கும் வியன்னாவுக்கும் கூட்டிப்போனேன். இரண்டு ஊரிலும் பழைய ஸ்டேஷன் கட்டடம் நிற்கிறது, பக்கத்தில் கபூஸ் என்று சொல்கிற சிவப்புப் பெட்டி. "கார்டு வண்டி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிரேக் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். துரு இல்லை, நல்லாப் பெயிண்ட் அடிச்சு வைச்சிருக்கான் என்று சான்றிதழும் கொடுத்தார். மற்றபடி வியன்னாவில் ஐஸ்கிரீம்.

மே 18

அத்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபிப்பார். நடப்பதில் அவருக்கு ஆர்வமில்லை, ஓரத்தில் என்ன முளைத்திருக்கிறது என்பதில்தான் கண். சரளை ஓரத்தில் பருப்புக்கீரையைக் கண்டுபிடித்துவிட்டு, "இவ்வளவு கீரை சும்மா கிடக்கு, கடையில காசு கொடுத்து வாங்குறியே" என்று ஒரே ஆற்றாமை. பறிக்காதீர்கள் அத்தை, மேலே மின்கம்பி போகிறது, கீழே களைக்கொல்லி அடித்திருக்கலாம் என்று சொல்லிச் சொல்லி அழைத்துவந்தேன்.

அதைவிட முக்கியம் பாய்சன் ஐவி. வேலியில், மரத்தில், தரையில், எங்கும் படர்ந்து கிடக்கும். மூன்று மூன்று இலையாக இருக்கும், நடு இலைக்குக் காம்பு கொஞ்சம் நீளம், இளசாக இருக்கும்போது பளபளப்பாகச் சிவந்து அழகாக இருக்கும். தொட்டால் ஓரிரு நாளில் அரிப்பும் கொப்புளமும். இதை எப்படி விளக்குவது என்று யோசித்துவிட்டு, "அத்தை, இது சேங்கொட்டை ஜாதி" என்றேன். அவ்வளவுதான், பத்தடி தள்ளிப் போய்விட்டார். சின்ன வயதில் சேங்கொட்டைப் பால் பட்டு முகம் வீங்கின கதை ஒன்று வைத்திருக்கிறார். உண்மையிலேயே இரண்டும் ஒரே குடும்பம்தான், மாமரமும் முந்திரியும்கூட அதே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகிறவர்கள் இங்கே இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். பட்டுவிட்டது என்று தோன்றினால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், துணியையும் ஷூ லேசையும் சேர்த்து.

மே 19

உண்ணியை நேற்று விட்டுவிட்டேன். உண்ணி கடித்து வருகிற லைம் நோய் இங்கே சாதாரணம். மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்கவும் செய்யாது. தாரிலேயே நடந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை, புல்லில் இறங்கினால்தான். (மாமாவின் சிக்னல் வேலையை நினைத்தால் கவலையாக இருக்கிறது. பேண்டைச் சாக்ஸுக்குள் செருகச் சொல்லியிருக்கிறேன்.) வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் என்று பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். மாட்டு உண்ணிக்குச் செய்வது போல மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி காட்டுவது எதுவும் வேண்டாம். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி இறங்கும், அதனால் அன்றன்றே பார்த்துவிட்டால் பயமில்லை. வட்டமாகச் செம்படை வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்.

பாம்பு? இருக்கிறது. கறுப்பாக நீளமாக, பாதையின் குறுக்கே வெயில் காய்ந்துகொண்டு கிடப்பது பெரும்பாலும் எலிப்பாம்பு, ஒன்றும் செய்யாது. காப்பர்ஹெட் என்று செம்பு நிறத்தில் பட்டை போட்ட விஷப்பாம்பும் உண்டு. இரண்டையும் சுற்றிக்கொண்டு போங்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள்.

ஜூன் 24

நூறு ஃபாரன்ஹீட்டைத் தொடப் பார்க்கிறது. "நாங்கள் பார்க்காத வெயிலா" என்று மத்தியானம் ஓடக் கிளம்புகிறவர்களுக்கு: நானும் கோவில்பட்டிக்காரிதான். கரிசல் காட்டு வெயில் வேறு, இது வேறு. அங்கே வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும், உடம்பு ஆறும். இங்கே காற்றில் ஏற்கெனவே தண்ணீர் நிரம்பியிருக்கிறது, வியர்வை காய இடமில்லாமல் சட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், உள்சூடு ஏறிக்கொண்டே போகும்.

இந்தப் பாதையில் நிழலும் குறைவு. ரயில் போனாலும் மின்கம்பி தலைக்கு மேல் இருக்கிறது, கம்பியைத் தொடுகிற மாதிரி எந்த மரத்தையும் வளர விடமாட்டார்கள். ஸ்டெர்லிங்கிலிருந்து ஆஷ்பர்ன் வரை நிறைய இடத்தில் மொட்டை. காலை ஆறுக்குள் முடியுங்கள், இல்லையென்றால் நடங்கள். தலை கிறுகிறுத்து, வியர்வை நின்று, குளிர்கிற மாதிரி இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு யாரையாவது கூப்பிடுங்கள்.

ஜூலை 13

"இதையெல்லாம் இயற்கைப் பாதை என்று சொல்வதே ஏமாற்று. மேலே கரண்ட் கம்பி, ஒரு பக்கம் டேட்டா சென்டர், இன்னொரு பக்கம் கல்குவாரி" என்று எழுதியிருப்பவருக்கு.

மூன்றும் இருப்பது உண்மை. உலகத்திலேயே டேட்டா சென்டர்கள் அடர்த்தியாக இருக்கிற இடம் நம் ஆஷ்பர்ன்தான், சில இடத்தில் பாதையில் நடக்கும்போது அதன் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். நம்மில் பாதிப் பேருடைய சம்பளம் அந்த உறுமலிலிருந்துதான் வருகிறது, அதனால் ரொம்பக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குவாரியைப் பார்க்க ஓர் இடமே விட்டிருக்கிறார்கள். என் பையன் சின்னவனாக இருந்தபோது மானைவிட அங்கே லாரி பார்க்கத்தான் அடம் பிடிப்பான்.

ஆனால் கம்பிக்குக் கீழே மரம் இல்லாததால்தான் புல்வெளி இருக்கிறது, புல்வெளி இருப்பதால்தான் நீலப் பறவையும் பட்டாம்பூச்சியும். கூஸ் கிரீக் பாலத்தில் நின்றால் அனேகமாக சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய நாரை இருக்கும். 2021 மே மாதம் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், 17 வருஷம் மண்ணுக்குள் கிடந்த சிக்காடா பூச்சிகள் ஒரே நேரத்தில் வெளியே வந்து, டேட்டா சென்டர் சத்தமெல்லாம் காதில் விழாமல் செய்தன. ஓடும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. மொத்த அகலம் நூறடி. அதற்குள் அடங்குகிற இயற்கை இவ்வளவுதான், எனக்கு இது போதும்.

ஜூலை 14

"போதும் என்றால் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்கு எதற்குப் போகிறீர்கள்?" பார்க்கிங் கிடைத்தால் போகிறேன்.

ஆகஸ்ட் 17

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், சந்தோஷம். அடியைச் சுருக்கி, நிமிடத்துக்குப் போடும் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாராம், முதல் மைலை நடந்தே இறங்கினாராம், படியில் குத்துவது பெரும்பாலும் நின்றுவிட்டதாம். ஆனாலும் தள்ளுபடியில் வந்தது என்று டிரெட்மில் வாங்கிவிட்டார். நண்பர் தயவு. துணி காயப்போட வாழ்த்துகள்.

அவர் கேட்டிருக்கிற புதுக் கேள்வி நல்ல கேள்வி. "முதலில் ஏற்றம், திரும்பும்போது இறக்கம் என்று வருகிற மாதிரி எங்காவது ஏறினால் இன்னும் நல்லதுதானே?" மூச்சுக்கு நல்லது. களைப்பு வரும்போது வீட்டுப் பக்கமாக இறங்கிக்கொண்டிருப்போம். முட்டிக்கு எப்படி என்று இப்போது யோசித்தால், களைத்த தொடையோடு இறங்குவதும் லேசுப்பட்ட காரியமில்லை. தொடை சோர்ந்தால் முட்டியைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. ஆகவே மார்ச்சில் நான் ஆஷ்பர்ன் மேட்டை வில்லனாக்கினதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். மேடு எங்கே வருகிறது என்பதைவிட, இறங்கும்போது இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்குகிறோமா என்பதுதான் விஷயம். தெரியாமல் இறங்க வைப்பதில் இந்தப் பாதைக்கு இணை கிடையாது.

மைலுக்கு ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மைலுக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள், ஒன்று விட்டு ஒரு கல்லில் நடந்தால் கணக்கு வைக்க வாட்சே வேண்டாம். நடப்பதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் இந்த இழையில் சிலர் இருக்கிறீர்கள். உங்களைத் தாண்டி நடந்தே போகிற எழுபது வயது அமெரிக்கப் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள், அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

செப்டம்பர் 21

மாமாவும் அத்தையும் ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. இன்று காலை ஓடும்போது எதிரே வந்த ஒரு சைக்கிள்காரர் நிறுத்தி, கை காட்டுகிற பெரியவர் எங்கே என்று கேட்டார். இந்தியா போய்விட்டார் என்றேன். ரிட்டயர்டு ரயில்வே என்றும் சொன்னேன். "ஓ, அதனால்தானா" என்று சிரித்துவிட்டுப் போனார். மாமாவிடம் போனில் சொன்னபோது, "அந்த மஞ்சச் சட்டைக்காரனா? அவன் செயின்ல எண்ணெய் போடச் சொல்லு, ரொம்ப நாளா கிரீச் கிரீச்சுன்னு வருது" என்றார்.

அக்டோபர் 12

ஏற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்காக: லீஸ்பர்க்கிலிருந்து மேற்கே கிளார்க்ஸ் கேப் என்கிற கணவாய் வரை. 34-ஆம் மைல் பக்கத்திலிருந்து 38 வரை, நாலு மைல் போல விடாமல் ஏறும். ரயில் எஞ்சின் எங்கே திணறியிருக்கும் என்று உங்கள் தொடையே சொல்லும். உச்சியில் ரோட்டுக்கு அடியில் கல் வளைவு ஒன்று இருக்கிறது, ரயில் காலத்தது. இப்போது இலை நிறம் மாறிக்கொண்டிருக்கிறது, நிழலும் அந்தப் பக்கம் அதிகம். உதிர்ந்த இலை நனைந்திருந்தால் தார் வழுக்கும், மரப்பாலப் பலகையும் அப்படித்தான்.

அக்டோபர் 14

சரி, அடுத்த சனிக்கிழமை சேர்ந்தே போகலாம் என்று ஆறேழு பேர் சொல்கிறீர்கள். காலை ஏழரை, லீஸ்பர்க்கில் பாதை ஊருக்குள் நுழைகிற இடம். ஓடுகிறவர்கள் ஓடுங்கள், நடக்கிறவர்கள் முன்கூட்டியே கிளம்புங்கள். எல்லாரும் கல் வளைவில் பார்க்கலாம். தயவுசெய்து இரண்டு இரண்டு பேராக வலது பக்கம் வாருங்கள், கிரீன் கார்டு விஷயத்தைத் திரும்பி வந்து பேசலாம்.

அக்டோபர் 15

இட்லி நான் கொண்டுவருகிறேன். சட்னி வேறு யாராவது. டிரெட்மில் வாங்கியவர் கொண்டுவந்தால் பொருத்தமாக இருக்கும்.